கட்டடம் ஊருக்குள் இருக்கட்டும், கரைக்கு ஓலைத் தட்டி போதும்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர்களுக்கும், வனத்துறை, சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கும், நாளை இவர்களுக்காக வரைபடம் போடப்போகும் கட்டடக் கலைஞர்களுக்கும் வணக்கம்.

உவரி, மணப்பாடு, புன்னைக்காயல் என்று தூத்துக்குடி உப்பளங்கள் வரை நீளும் நம் கடற்கரையில், பறவை பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு மையம் வேண்டும் என்று கேட்பவர்களில் நானும் ஒருவன். 1986-இல் தூத்துக்குடியைப் பிரிக்கும் வரை இது முழுக்க ஒரே மாவட்டம். பறவைகளுக்கு இன்றைக்கும் அப்படித்தான். அதனால்தான் இரண்டு ஆட்சியர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

தேவை இருக்கிறது. பனிக்காலத்தில் கழிமுகங்களிலும் உப்பளங்களிலும் பூநாரையும் உள்ளானும் உப்புக்கொத்தியும் ஆலாவும் இறங்குகின்றன. பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிழல் கிடையாது, பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது, பறப்பது எது என்று சொல்ல ஆள் கிடையாது. 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் சேர்ந்து பைனாகுலர் பிடிக்கப் பழகிய இளையவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கடற்கரையில் உட்கார ஓர் இடம் வேண்டும்.

ஆனால் பயமும் இருக்கிறது. அரசுத் திட்டம் என்றதும் எனக்கு முதலில் தெரிவது ஒரு படம்: தண்ணீரை ஒட்டி ஒரு தார் ரோடு. அதன் முடிவில் கூழைக்கடா வாயைப் பிளந்த மாதிரி சிமெண்டில் ஒரு நுழைவாயில். உள்ளே கண்ணாடி முகப்போடு இரண்டு மாடி. பக்கத்தில் நீலமும் மஞ்சளும் அடித்த பார்வைக் கோபுரம். எதிரே ‘ஐ லவ்’ என்று ஆளுயர எழுத்து, அதன்மேல் ராத்திரி முழுக்க விளக்கு. திறப்பு விழாவுக்கு எல்லாரும் வருவார்கள். பறவைகள்தான் வராது.

இந்த மடல் அந்தப் படத்தை மாற்றச் சொல்லித்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. மையத்தை இரண்டாகப் பிரியுங்கள். கட்டடம் என்று சொல்லத்தக்கது எல்லாம் ஊருக்குள் இருக்கட்டும். தண்ணீர் ஓரத்தில் ஆளை மறைக்கும் சின்னச் சின்ன மறைவிடங்கள் மட்டும் போதும்.

ஏன் என்று சொல்கிறேன். நம் பக்கத்தில் பறவை என்றதும் எல்லாரும் முதலில் நினைப்பது கூந்தன்குளம். 1994-இல் சரணாலயம் ஆனது, 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக அறிவித்தார்கள். அங்கே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டுக்கொல்லை மரத்திலேயே கூடு கட்டும். கீழே பிள்ளைகள் விளையாடும், மாடு கட்டியிருக்கும், பறவை பாட்டுக்கு மேலே குஞ்சுக்கு இரை ஊட்டும். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பிள்ளைகள் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம் என்பதால் இரு பக்கமும் லாபம். இப்படித் தலைமுறைகளாகப் பழகிய இடத்தில் கோபுரத்தில் ஏறி நின்றாலும் பறவை பெரிதாகக் கண்டுகொள்ளாது.

அந்தப் பழக்கத்தைக் கடற்கரையில் எதிர்பார்க்கக் கூடாது. கரைக்கு வருபவை பெரும்பாலும் வலசைப் பறவைகள். கூடு கட்ட வரவில்லை, மரமும் ஏறாது. ஒதுங்க ஒரு புல்கூட இல்லாத சேற்றிலும் மணலிலும் நின்று இரை பொறுக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெட்டவெளி. வானத்தை ஒட்டி ஓர் உருவம் அசைந்தால் அதற்கு அது ஆபத்துதான். ஒரு உள்ளான் எழும்பினால் கூட்டமே எழும்பும். வந்த களைப்புக்கும், மார்ச் ஏப்ரலில் திரும்பிப் போவதற்கும் அவை உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். நாளுக்குப் பத்துத் தடவை கிளப்பிவிட்டால் தின்றதெல்லாம் பறப்பதிலேயே தீர்ந்துவிடும். உயரமான கோபுரத்தின் உச்சியில் வண்ணச் சட்டையோடு இருபது பேர் நிற்பது கூந்தன்குளத்தில் வேடிக்கை, கழிமுகத்தில் விரட்டல்.

கட்டடம் ஊருக்குள் போக வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் சோறு. எங்கே கேன்டீன் இருக்கிறதோ அங்கே எச்சில் இலையும் பிஸ்கட் உறையும் இருக்கும். அவற்றைத் தேடி நாயும் காக்கையும் வரும். நம் கரையில் வெறும் மணலிலும் உப்பளக் கரையிலும் முட்டையிடும் உப்புக்கொத்திகளும் சின்ன ஆலாக்களும் உண்டு. கூடு என்று ஒன்றும் இருக்காது, மணலில் ஒரு சின்னப் பள்ளம்தான், முட்டையும் மணல் நிறம். மனிதன் கண்ணுக்குத் தப்பும், காக்கைக்கும் நாய்க்கும் தப்பாது. உங்கள் கட்டடம் ஒரு பறவையையும் தொடாமலேயே, அதன் குப்பைத்தொட்டி ஒரு பருவத்து முட்டைகளைக் காலி பண்ணிவிடும். கழிப்பறை விஷயமும் இதேதான். கரையோரத்தில் நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில் இருக்கும்போது செப்டிக் டேங்கை எங்கே இறக்குவீர்கள்?

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை சேற்றுப் படுகைகளையும் உப்புச் சதுப்புகளையும் பறவைகள் கூடுகட்டும் இடங்களையும் மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள பிரிவில் வைத்திருக்கிறது. அங்கே அனுமதிப்பது இயற்கை நடைபாதை போன்ற லேசான சூழல் சுற்றுலா ஏற்பாடுகளைத்தான், அதுவும் ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மைத் திட்டத்தில் இடம்பெற்றிருந்தால். ராம்சார் பட்டியலில் உள்ள, அரசு அறிவித்த ஈரநிலங்களுக்கு 2017-இன் ஈரநில விதிகள் வேறு இருக்கின்றன. பத்தாண்டு சராசரி வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்கின்றன அவை. விலக்கு வாங்கிக் கட்டிவிடலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், 2023 டிசம்பர் மழையை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரல் பக்கம் ஆற்றுப்பாலமே தாங்கவில்லை. அந்தத் தண்ணீரெல்லாம் எந்தக் கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போனதோ, அங்கேதான் ‘ரிவர் வியூ’ மாடி கேட்கிறார்கள்.

சரி, ஊருக்குள் என்றால் எப்படிப்பட்ட ஊர்? மணப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கருமேனியாறு கடலைத் தொடும் இடம். குன்றின் மேல் சிலுவைக் கோயில், 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை, கீழே நீண்டு கிடக்கும் மணல் திட்டு, அதற்கு உள்பக்கம் கழி. வெளியூர்க்காரர்கள் ஏற்கெனவே வருகிற ஊர். அங்கே பனை ஓலையில் பெட்டியும் கொட்டானும் முடையும் பெண்கள் இருக்கிறார்கள். பழுதுபார்த்து எடுத்துக்கொள்ளத்தக்க பழைய வீடு ஒன்று கிடைத்தால் புதிய கட்டடமே வேண்டாம் என்பேன். திண்ணை, முற்றம், ஓட்டுக்கூரை உள்ள வீடு. திண்ணையில் டிக்கெட், முற்றத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு, பின்கட்டில் கழிப்பறை, ஒரு அறையில் கண்காட்சி. டீயும் சாப்பாடும் ஊர்க்கடையில் நடக்கட்டும். நூறு பேர் பஸ்ஸில் வந்து இறங்கினால் அவர்கள் காசு ஊருக்குள் நிற்கும். கரைக்கு ஒரு வேளைக்குப் பதினைந்து பேராக, ஆள் துணையோடு, நடந்து போகட்டும்.

புதிதாய்த்தான் கட்ட வேண்டும் என்றால், தயவுசெய்து கண்ணாடியை விட்டுவிடுங்கள். கண்ணாடியில் தெரியும் வானத்தைப் பறவை வானம் என்றே நம்பி மோதும். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு முப்பத்தாறு கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் கட்டடக் கண்ணாடியில் மோதிச் சாகின்றன என்று 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றில் கணக்கிட்டிருக்கிறார்கள். அது குறைந்தபட்ச மதிப்பீடு, மேல் மதிப்பீடு நூறு கோடியைத் தொடுகிறது. சிகாகோவில் ஏரிக்கரையில் உள்ள ஒரு மாநாட்டு மையத்தில் 2023 அக்டோபரில் ஒரே இரவில் ஆயிரத்தை ஒட்டிய பறவைகள் செத்து விழுந்தன. மறு ஆண்டு அதே கண்ணாடியில் நெருக்கமாகப் புள்ளிகள் வைத்த படலம் ஒட்டினார்கள், சாவு பெருமளவு நின்றுபோனது. தண்ணீர் ஓரம், வலசைக் காலம், ராத்திரி விளக்கு, பெரிய கண்ணாடி, இந்த நான்கும் அங்கே சேர்ந்திருந்தன. முதல் இரண்டு இங்கே இயற்கையாகவே இருக்கின்றன. மற்ற இரண்டையும் நாம் காசு கொடுத்து வாங்க வேண்டாம். கண்ணாடி வைத்தே தீர வேண்டிய ஜன்னலில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளிக்குள் புள்ளியோ கோடோ வெளிப்பக்கமாக இருக்கட்டும்.

விளக்கைப் பற்றிப் பேசும்போது ஆமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜனவரி முதல் சில மாதங்கள் பங்குனி ஆமைகள் நம் மணலில் ஏறி முட்டையிடும். குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் திசையைக் கடல் என்று நினைத்து நடக்கும். ஆகவே ஹைமாஸ் கம்பம் வேண்டவே வேண்டாம். காலடிக்கு மட்டும் விழும், மேலே மூடியிட்ட, மஞ்சள் கலந்த மங்கல் விளக்கு ஊர்ப்பக்கம் இருந்தால் போதும். கரையில் அதுவும் வேண்டாம், சூரியன் விழுந்த பிறகு அங்கே யாருக்கும் வேலையில்லை, மீனவர்களைத் தவிர. அவர்களுக்கு உங்கள் விளக்கு தேவைப்பட்டதுமில்லை.

இனி மறைவிடங்கள். இந்த மையத்தின் உண்மையான கட்டடக்கலை இங்கேதான் இருக்கிறது, செலவு குறைவு என்பதால்தான் யாரும் இதை யோசிப்பதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

முதலில் திசை. அக்டோபர் முதல் மார்ச் வரை சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்து ஓடுகிறது. அதனால் வடக்கு பார்த்த மறைவிடத்தில் நாள் முழுக்க வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் நிறம் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும். கிழக்கு பார்த்து, கடலை நோக்கி வைத்தால் காலையில் தெரிவதெல்லாம் கறுப்பு நிழல்தான். ‘சன்ரைஸ் பாயின்ட்’ ஆசைக்கு அது சரி, உள்ளான்களைப் பிரித்தறிய உதவாது. ஆனால் வடக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதே மாதங்களில்தான் வாடை அடிக்கிறது. திறப்பு வழியாக மழைச்சாரல் நேரே முகத்தில் விழும், நோட்டு நனையும், லென்ஸில் உப்பு படியும். அதனால் திறப்புகள் ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து தொங்கும் பலகை மூடி வேண்டும், தேவையானதை மட்டும் தூக்கிக் கொக்கி போடும்படி. கூரையும் அந்தப் பக்கம் நன்றாக இறங்கி வரட்டும். ஆனி ஆடியில் கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும்போது மணல் பறந்து வந்து மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும். அப்போது வலசைப் பறவைகளும் குறைவு. மூடிப் பழுதுபார்க்க அதுதான் காலம்.

அப்புறம் திறப்பின் உயரம். பெஞ்சில் உட்கார்ந்தவர் கண் தரையிலிருந்து நாலடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அந்த மட்டத்தில் ஒரு சாண் அகலத்துக்கு நீளமான திறப்பு, அதன் கீழே முழங்கை ஊன்ற ஒரு பலகை. பிள்ளைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் ஒரு பகுதியில் தாழ்வாக, பலகைக்கு அடியில் கால் நுழைய இடம் விட்டு. நம் ஆட்கள் ஜன்னலைப் பெரிதாக வைத்தால்தான் வசதி என்று நினைப்பார்கள். பெரிய திறப்பில் கை, தலை, செல்போன் எல்லாம் வெளியே நீளும். உள்ளே சுவர் இருட்டு நிறமாகவும், நுழைவு வழி நேராக இல்லாமல் ஒரு திருப்பம் திரும்பியும் இருக்க வேண்டும். கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து வெளிச்சம் பாய்ந்தால் உள்ளே இருப்பவர் உருவம் திறப்பில் தெரிந்துவிடும், சேற்றில் நிற்பவை அந்தக் கணமே பறந்துவிடும்.

தரையை மறந்துவிடுவார்கள். மரப்பலகைத் தரை பார்க்க அழகு, ஆனால் ஒரு ஆள் நடந்தால் பத்துப் பேருடைய டெலஸ்கோப்பும் ஆடும், சத்தமும் வெளியே போகும். இறுகத் தட்டிய செம்மண், மேலே ஓலைப்பாய் போதும். தண்ணீர் ஏறும் இடமென்றால் கால் ஊன்றிய மேடை வேண்டும். அப்போதும் ஸ்கோப் வைக்கும் பலகையை நடக்கும் தரையோடு சேர்க்காமல் தனிக்கால்களில் நிறுத்துங்கள்.

போகிற வழி மறைவிடத்தைவிட முக்கியம் என்றே சொல்வேன். மறைவிடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வெட்டவெளியில் அணிவகுத்து நடந்து அதற்குள் நுழைந்தால், நீங்கள் உட்காருவதற்குள் எதிரே வெறும் சேறுதான் இருக்கும். தோள் உயரத்துக்குமேல் ஓலைத் தட்டியோ மட்டை வேலியோ வழி நெடுக வேண்டும். அதன் வெளிப்பக்கம் நம்மூர் உடைமரம் வளரட்டும், குடை விரித்தாற்போல் நின்று நிழலும் தரும். சீமைக்கருவேலை அழித்துவிட்டு அந்த இடத்தில் புல்தரையும் குரோட்டன்ஸும் வைக்கும் வழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். மணல்மேட்டில் அடும்பும் ராவணன் மீசையும் படர்ந்த இடத்தில் கால் படாதபடி பாதையைச் சுற்றிக் கொண்டுபோங்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான்.

ஓலை என்றதும் ‘டெம்பரரி’ என்று ஒதுக்குவீர்கள், தெரியும். நான் கேட்பதும் அதைத்தான். கடலோரத்தில் கான்கிரீட் எவ்வளவு நிரந்தரம் என்று கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உப்புக்காற்று புகுந்து கம்பி துருவேறி உப்பினால் கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயரும். அலைத்தூறல் படும் இடத்தில் கம்பிக்கு வெளியே 50 மில்லிமீட்டர் கவர் விட வேண்டும் என்று இந்தியத் தரவிதியே சொல்கிறது. சென்ட்ரிங் பிரித்ததும் பூசி மறைக்கும் வேலையில் அதை யார் அளந்து பார்க்கிறார்கள்? ஓலைக்கூரை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதுதான். மாற்றும் கூலி பனையேறிகளுக்கும் முடைகிறவர்களுக்கும் போகும். வெள்ளத்தில் போனால் மறுபடி கட்டலாம். கழிமுகம் இடம் மாறினால், நம் கரையில் பொழி, அதாவது ஆறு கடலில் விழும் வாய், அடைபட்டும் உடைந்தும் மாறிக்கொண்டேதான் இருக்கும், மறைவிடத்தையும் கழற்றி நகர்த்தலாம். பனை மரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது, நல்லதுதான். விட்டத்துக்கும் கைமரத்துக்கும் பட்டுப்போன, சாய்ந்த பனைகளே போதும்.

இது கிராமத்துக்காரன் பிடிவாதம் என்று நினைத்தால் வெளிநாட்டைப் பாருங்கள். டென்மார்க்கில் ரீபே அருகே வாடன் கடலோரத்தில் 2017-இல் திறந்த பார்வையாளர் மையத்தை டோர்டே மன்ட்ரூப் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். உலகப் பாரம்பரியக் கடற்கரை, காசுக்குக் குறைவில்லாத நாடு. அவர் கூரைக்கும் சுவருக்கும் போட்டது அந்தப் பக்கத்து நாணல். பழைய பண்ணை வீட்டையும் சேர்த்துக்கொண்டார். நெதர்லாந்தின் ஹாரிங்விலீட் கழிமுகத்தில் 2019-இல் ஆலா முட்டை வடிவில் ஒரு பறவைக் காட்சியகம் கட்டினார்கள். மரச்சட்டம், மேலே நாணல், பறவைக்குத் தெரியாமல் போய்ச்சேர மண் மூடிய சுரங்கவழி. இதைப் படித்துவிட்டு யாராவது முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு சிமெண்டில் வார்த்து வெள்ளையடித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சுரங்கவழியும் நாணலும்தான்.

மீனவர்களைப் பற்றி ஒன்று. கரை அவர்கள் வேலையிடம். வள்ளம் ஏற்றுவதும் வலை உலர்த்துவதும் கருவாடு காயப்போடுவதும் அங்கேதான். மையம் வருகிறது என்று ஒரு வேலி போட்டு, ‘பறவைகளுக்குத் தொந்தரவு’ என்று அவர்களை வெளியே நிறுத்தினால் அந்த ஊரில் அந்த மையம் ஒரு வருஷம் தாங்காது, தாங்கவும் கூடாது. தினமும் அதே நேரத்தில் அதே வழியில் போய்வரும் வள்ளத்துக்குப் பறவை பழகியிருக்கும், திடீரென்று வரும் சுற்றுலாப் பயணிக்குத்தான் பழகாது. எந்தக் காற்றில் எந்தத் திட்டு வெளியே தெரியும், ஆலா எங்கே பாய்ந்தால் மீன் எங்கே என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வழிகாட்டிகளாக அந்த ஊர்ப் பிள்ளைகளையே எடுத்துப் பயிற்சி கொடுங்கள், தற்காலிகக் கூலியாக அல்ல, மாதச் சம்பளத்தில்.

டெண்டர் விடுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில. வரைகிறவர் ஒரு வலசைக் காலம் முழுக்க, அக்டோபர் முதல் மார்ச் வரை, பறவை கணக்கெடுப்பவர்களோடு கரைக்கு வந்து எங்கே இரை பொறுக்குகின்றன, எங்கே ஓய்வெடுக்கின்றன என்று வரைபடத்தில் குறிக்கட்டும். கட்டடத்தின் முகப்பு வரைவது அதற்கப்புறம். வரைபடத்தைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி, கிராம சபையில் வைத்துப் பேசுங்கள். மதிப்பீட்டில் கட்டுமானச் செலவுக்குப் பக்கத்திலேயே பத்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் எழுதுங்கள், ஓலை மாற்றும் கூலி, வழிகாட்டிகள் சம்பளம், கழிப்பறை சுத்தம் செய்கிறவர் சம்பளம் உட்பட. அந்தத் தொகையை ஒதுக்க முடியாது என்றால் கட்டுமானத்தையும் தள்ளிவையுங்கள். நாங்கள் இப்போது போலவே குடையைப் பிடித்துக்கொண்டு உப்பளக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உடன்குடிப் பக்கத்திலிருந்து பறவை பார்க்கும் ஒருவன்